வருமுன் காக்கச் சொன்ன கதாசிரியர் டேனியல் டீஃபோ



ராபின்சன் குரூசோ என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் நம்மில் மிகக் குறைவு. ஆளில்லாத் தீவில் தனியாக மாட்டிக்கொண்ட மாலுமி, ஆட்டுத்தோல் சட்டை, கையில் குடை, பேசும் கிளி. சின்னப் பசங்க கதை என்று அதை அப்போதே மூடி வைத்துவிட்டோம். ஆனால் அதை எழுதியவர் குழந்தைகளுக்காக எழுதவில்லை. அந்தப் புத்தகம் வெளிவந்தபோது அவருக்கு வயது ஏறத்தாழ 59. அதற்குள் கொள்ளைநோய், பெருந்தீ, புயல், திவால், சிறை என்று ஒரு மனிதன் பார்க்கக்கூடிய அத்தனை கஷ்டத்தையும் பார்த்து முடித்திருந்தார்.

நான் சிவில் பிரிவு மூன்றாம் ஆண்டு மாணவன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்குத் தினமும் பஸ்ஸில் வந்து போகிறவன். ஆண்டு மலருக்கு யாருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதலாம் என்று பேச்சு வந்தபோது காமராஜர், அப்துல் கலாம் என்று ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். நான் இங்கிலாந்துக்காரர் டேனியல் டீஃபோவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. மேற்கே மலை, கிழக்கே மருந்து என்று இரண்டுக்கும் நடுவில் வாழ்கிறவர்கள் நாம். மலையிலிருந்து காட்டாற்று வெள்ளம் வரும். வெடிமருந்திலிருந்து தீ வரும். ஆபத்து வருவதற்கு முன்னால் அதை மனதில் ஓட்டிப் பார்த்து, என்னென்ன தயார் செய்யலாம் என்று யோசித்தவர் டீஃபோ. அவருடைய வாழ்க்கையில் நமக்குப் பாடம் உண்டு.

பிறந்ததும் பேரழிவு

டீஃபோ 1660-ஆம் ஆண்டை ஒட்டி லண்டனில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் ஃபோ மெழுகுவர்த்தி வியாபாரி. வீட்டுப் பெயர் வெறும் ஃபோ தான். பின்னாளில் கொஞ்சம் கௌரவமாக இருக்கட்டுமே என்று முன்னால் ஒரு டீ சேர்த்துக்கொண்டவர் நம்ம ஆள்தான்!

அவருக்கு ஐந்து வயது இருக்கும்போது, 1665-இல், லண்டனைப் பிளேக் தாக்கியது. அரசுக் கணக்கில் மட்டும் 68,000 பேருக்கு மேல் இறந்தார்கள். உண்மைக் கணக்கு ஒரு லட்சத்தைத் தொடும் என்கிறார்கள் வரலாற்று ஆசிரியர்கள். நோய் கண்ட வீட்டைப் பூட்டி, கதவில் சிவப்புச் சிலுவை வரைந்து, வாசலில் காவலாளியை நிறுத்தினார்கள். மறு வருஷமே, 1666 செப்டம்பரில், பெருந்தீ. நான்கைந்து நாளில் 13,200 வீடுகள் சாம்பல். ஐந்தாறு வயதுப் பையன் மனதில் இரண்டும் ஆழமாகப் பதிந்துவிட்டன.

பெரிய கல்லூரியில் இடமில்லை

டீஃபோவின் குடும்பம் அரசாங்கத் திருச்சபையைச் சேராதது. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பட்டமெல்லாம் கிடையாது. சார்லஸ் மார்ட்டன் என்ற ஆசிரியர் நடத்திய சிறிய கல்விக்கூடத்தில்தான் படித்தார். பெரிய பல்கலைக்கழகங்கள் லத்தீனைப் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில் மார்ட்டன் தாய்மொழியான ஆங்கிலத்தில் பாடம் நடத்தினார். பூகோளம், விஞ்ஞானம் எல்லாம் சொல்லிக் கொடுத்தார். எல்லாருக்கும் புரியும்படி எளிமையாக எழுதும் பழக்கம் டீஃபோவுக்கு அங்கே வந்தது. பெரிய காலேஜில் இடம் கிடைக்கவில்லையே என்று டிப்ளமோவில் சேர்ந்துவிட்டுக் கவலைப்படும் நண்பர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கவும்.

புனுகுப் பூனையும் செங்கல் சூளையும்

படிப்பு முடிந்ததும் வியாபாரத்தில் இறங்கினார். காலுறை வியாபாரம், ஒயின், புகையிலை என்று எதையும் விடவில்லை. வாசனைத் திரவியத்துக்காகப் புனுகுப் பூனைகள் வாங்கினார். கடலில் மூழ்கிய புதையலை எடுக்கும் நீர்மூழ்கிக் கூண்டில் பணம் போட்டார். 1692-இல் எல்லாம் சேர்ந்து கவிழ்ந்தது. கடன் 17,000 பவுன். அந்தக் காலத்தில் அது மலையளவு தொகை!

இன்னொருவராக இருந்தால் ஊரை விட்டே ஓடியிருப்பார். டீஃபோ தேம்ஸ் நதியோரம் டில்பரி என்ற இடத்தில் செங்கல், ஓடு தயாரிக்கும் தொழிற்சாலை தொடங்கினார். நம்ம சிவில் பிரிவுக்குச் சொந்தக்காரர் ஆகிவிட்டார்! அதோடு 1697-இல் திட்டங்கள் பற்றிய ஒரு நூலும் எழுதினார். நல்ல சாலைகள், விபத்திலும் முதுமையிலும் உதவும் வகையில் சாதாரண ஜனங்கள் முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் பரஸ்பர சங்கங்கள், பெண்களுக்குக் கல்விக்கூடம் எல்லாம் அதில் வருகின்றன. தானே தடுக்கி விழுந்தவருக்குத்தான் வழியில் கல் எங்கே கிடக்கிறது என்று தெரியும் போலிருக்கிறது.

ஓட்டுக்குத் தட்டுப்பாடு

1702-இல் அவர் எழுதிய ஒரு கிண்டல் பிரசுரம் ஆட்சியாளர்களைக் கோபப்படுத்தியது. மறு ஆண்டு சிறை. ஜூலையில் மூன்று நாள் நடுத்தெருவில் கழுத்தையும் கையையும் கட்டையில் பூட்டி நிறுத்தினார்கள். இப்படி நிற்பவர் மேல் ஜனங்கள் அழுகல் முட்டை வீசுவது வழக்கம். டீஃபோ மேல் பூ வீசினார்கள் என்று சொல்வார்கள். ஆனால் முதலாளி சிறையில் இருந்தால் சூளை எப்படி எரியும்? ஓட்டுத் தொழிற்சாலை மூடப்பட்டது.

நவம்பரில் விடுதலை. அதே மாதம் 26, 27 தேதிகளில் இங்கிலாந்தின் தெற்குப் பகுதியை ஒரு பெரும் புயல் புரட்டிப் போட்டது. கப்பற்படையில் மட்டும் பதின்மூன்று கப்பல் போயிற்று. கடலில் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். எடிஸ்டோன் கலங்கரை விளக்கம் அதைக் கட்டிய வின்ஸ்டான்லியோடு சேர்ந்து காணாமல் போனது. தன் கட்டுமானத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை வைத்து அன்றிரவு உள்ளேயே தங்கியிருந்தாராம். லண்டனில் கூரை இல்லாத வீடுகளே கண்ணில் பட்டன. ஆயிரம் ஓடு 21 ஷில்லிங்குக்கு விற்றது 6 பவுனுக்கு, அதாவது 120 ஷில்லிங்குக்கு ஏறிவிட்டது. நாடே ஓட்டுக்குத் தவித்தபோது ஓடு தயாரித்தவர் கையில் ஓடு இல்லை!

அழுது கொண்டிருக்கவில்லை அவர். புயலை நேரில் பார்த்தவர்கள் கண்டதை எழுதி அனுப்பும்படி பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் குவிந்தன. எங்கே எது விழுந்தது, எது நின்றது, யார் எப்படித் தப்பினார்கள் என்று தொகுத்து 1704-இல் புயல் என்ற பெயரில் நூலாக வெளியிட்டார். ஒரு பேரிடரைப் பற்றிப் பலபேரிடம் தகவல் திரட்டி எழுதிய மிக முந்தைய நூல்களில் அது ஒன்று. நாம் இன்று சேத மதிப்பீடு என்கிறோமே, அதற்கு முன்னோடி.

மூதூரிலிருந்து போன கதை

அதன்பின் பல ஆண்டுகள் பத்திரிகை நடத்தினார். அரசாங்கத்துக்கு ரகசிய வேலையும் பார்த்தார். 1719 ஏப்ரல் 25-இல் ராபின்சன் குரூசோ வெளிவந்தது. செல்கிர்க் என்ற ஸ்காட்லாந்து மாலுமி 1704 முதல் 1709 வரை பசிபிக் கடல் தீவொன்றில் தனியாக வாழ்ந்தது அதற்கு ஒரு தூண்டுகோல் என்பது பலருக்குத் தெரியும். இன்னொரு தூண்டுகோல் நமக்கு ரொம்பப் பக்கத்தில், இலங்கையில் இருக்கிறது.

ராபர்ட் நாக்ஸ் என்ற இளைஞர் வந்த கப்பல் வங்கக் கடல் புயலில் பாய்மரத்தை இழந்தது. பழுது பார்க்க 1660-இல் திருகோணமலைக்குப் பக்கம் மூதூர்க் கரையில் ஒதுங்கியபோது கண்டி அரசன் இரண்டாம் ராஜசிங்கனின் ஆட்கள் அவரையும், கப்பல் தலைவரான அவர் தந்தையையும், மற்ற மாலுமிகளையும் பிடித்துக்கொண்டார்கள். மறு வருஷம் தந்தை காய்ச்சலில் இறந்தார். நாக்ஸ் கண்டி நாட்டில் 19 வருஷம் கைதி. சிறை என்று ஒன்று கிடையாது. ஊருக்குள் நடமாடலாம், நாட்டை விட்டுப் போகத்தான் முடியாது. தொப்பி பின்னி விற்றார், நெல்லைக் கடன் கொடுத்து வாங்கினார், சில்லறைச் சாமான் சுமந்து விற்றார். அப்படி வியாபாரம் என்ற சாக்கில் வடக்கே வடக்கே போய் வழி, தண்ணீர், காவல் எல்லாவற்றையும் வருஷக்கணக்கில் தெரிந்துகொண்டார். 1679-இல் ஒரு நண்பரோடு அனுராதபுரம் காட்டு வழியாக மன்னார் பக்கம் அரிப்பிலிருந்த டச்சுக் கோட்டைக்குத் தப்பிச் சேர்ந்தார். 1681-இல் இலங்கை பற்றிய அவருடைய நூல் லண்டனில் வெளியாயிற்று.

டீஃபோ அந்த நூலை நன்றாகப் படித்தவர். 1720-இல் எழுதிய கேப்டன் சிங்கிள்டன் நாவலில் நாக்ஸின் கதையையே எடுத்துச் சொல்கிறார். குரூசோவிலும் நாக்ஸின் சாயல் உண்டு என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. ஆக, உலகம் பூராவும் படித்த கதைக்கு மூதூர் மண்ணும் கொஞ்சம் உரம் போட்டிருக்கிறது.

குரூசோ செய்த மூன்று காரியங்கள்

டிப்ளமோ மாணவன் கண்ணோடு அந்தக் கதையைப் படித்தால் மூன்று இடங்கள் நம்மைப் பிடித்து நிறுத்தும்.

முதலாவது, பட்டியல். கப்பல் தரைதட்டிக் கிடக்கிறது; அடுத்த காற்றில் உடைந்துவிடும். குரூசோ பதின்மூன்று நாளில் பதினோரு தடவை அதற்குப் போய்ச் சாமான் எடுக்கிறான். சாப்பாடு, துணி, துப்பாக்கி எல்லாம் எடுக்கிறான். ஆனால் அவன் பொன்னைவிடப் பெரிதாக மதிப்பது தச்சனின் கருவிப் பெட்டியைத்தான். எது முதலில், எது அப்புறம் என்று யோசிக்கத் தெரிந்தவன் பிழைத்தான்.

இரண்டாவது, எஸ்டிமேட். ஒரு பெரிய மரத்தை வெட்டி மாதக்கணக்கில் குடைந்து படகு செய்கிறான். செய்து முடித்த பிறகுதான் யோசிக்கிறான், அதை எப்படிக் கடலுக்குக் கொண்டுபோவது? தண்ணீர் நூறு கஜ தூரம்தான். ஆனால் அசைக்க முடியவில்லை. வாய்க்கால் வெட்டலாமா என்று கணக்குப் போட்டால் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகும்! படகு அங்கேயே கிடந்து மட்கியது. வேலையைத் தொடங்கும் முன் கடைசிப் படி வரை யோசிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நம்ம பாடப் புத்தகத்தில்கூட இல்லை.

மூன்றாவதுதான் நம்ம ஊருக்கானது. ஒருநாள் பளீரென்று மின்னல். குரூசோவுக்கு மின்னலைவிடப் பெரிய பயம் ஒன்று வருகிறது. குவித்து வைத்திருக்கும் வெடிமருந்தில் ஒரு பொறி விழுந்தால்? உடனே மற்ற எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு, சுமார் 240 ராத்தல் மருந்தை நூறு பொட்டலத்துக்கு மேல் பிரித்து, பாறை இடுக்குகளில் தள்ளித் தள்ளி வைக்கிறான். ஒன்று பிடித்தால் அடுத்தது பிடிக்கக்கூடாது. அதுதான் கணக்கு.

எங்கள் சித்தி பல வருஷமாகப் பட்டாசு வேலைக்குப் போகிறவர். இந்தக் கட்டத்தை அவரிடம் சொன்னேன். அறைக்கு இத்தனை பேர், இத்தனை கிலோ மருந்து, ஒரு அறைக்கும் அடுத்த அறைக்கும் இத்தனை தூரம் என்பதுதான் தங்கள் தொழிலின் முதல் பாடம் என்று சித்தி சொன்னார். அளவு மீறினால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 2012 செப்டம்பர் 5-இல் சிவகாசிக்குப் பக்கம் முதலிப்பட்டியில் 35 பேருக்கு மேல் இறந்தது நம் பகுதிக்கு மறக்கிற விஷயமா? 1719-இல் லண்டனில் ஒரு கதாசிரியருக்குத் தோன்றிய விதிதான் இன்று நம் பக்கத்தில் சட்டமாக இருக்கிறது. சட்டம் காகிதத்தில் இருந்தால் போதாது, அறையில் இருக்க வேண்டும்.

வராத கொள்ளைநோய்க்கு இரண்டு புத்தகம்

1720-இல் பிரான்சு நாட்டின் மார்செய்ல்ஸ் துறைமுகத்தில் ஒரு கப்பலோடு பிளேக் வந்து இறங்கியது. நகரத்தில் ஏறக்குறைய பாதிப்பேர் மாண்டார்கள். லண்டன் நடுங்கியது. டீஃபோவுக்கு ஐந்து வயதில் பார்த்த சிவப்புச் சிலுவைகள் ஞாபகம் வந்திருக்க வேண்டும். 1722-இல் இரண்டு மாதத்தில் இரண்டு புத்தகம் எழுதினார்.

பிப்ரவரியில் வந்தது, பிளேக்கை எதிர்கொள்ள வேண்டிய முன்னேற்பாடுகளைச் சொல்லும் நூல். வெறும் உபதேசமாக எழுதினால் யார் படிப்பார்கள்? அதனால் குடும்பக் கதைகளாகச் சொன்னார். ஒரு மொத்த மளிகை வியாபாரி, ஆபத்து நெருங்குவதற்கு முன்பே மாதக்கணக்குக்கு வேண்டிய உணவுப் பொருட்களைச் சேர்த்துக்கொண்டு, மனைவி மக்களோடு வீட்டை உள்ளிருந்து அடைத்துக்கொள்கிறார். வெளி வேலைக்கு ஆள் ஏற்பாடு, கடிதத்தைச் சுத்தப்படுத்தி வாங்குவது என்று ஒன்று விடாமல் யோசித்துச் செய்கிறார். நெருக்கடியான நகரத்திலிருந்து குழந்தைகளையும் ஏழைகளையும் முன்கூட்டியே வெளியேற்ற வேண்டும் என்ற யோசனையும் அந்த நூலில் இருக்கிறது.

மார்ச்சில் வந்தது பிளேக் ஆண்டின் நாட்குறிப்பு. 1665-இல் ஊரை விட்டுப் போகாமல் தங்கிவிட்ட ஒரு குதிரைச் சேணம் வியாபாரி சொல்வது போன்ற நாவல். டீஃபோவின் பெரியப்பா சித்தப்பா முறையில் ஒருவர் சேணம் தொழில் செய்தவர். கதை சொல்கிறவரின் பெயரின் முதலெழுத்துக்களும் அவருடையதே. வாராவாரம் வரும் சாவுப் பட்டியல்களை அப்படியே சேர்த்திருக்கிறார். பயத்தினால் வீட்டார் பிளேக் சாவை வேறு காய்ச்சல் என்று எழுத வைத்ததையும், அதனால் மற்றவர்கள் ஏமாந்ததையும், போலி மருந்து விற்றவர்கள் கொழுத்ததையும் விவரிக்கிறார். 2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவித்தபோது நாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். வதந்தி, பதுக்கல், பயம், பக்கத்து வீட்டுக்காரரின் உதவி எல்லாம் பார்த்தோம். அதையெல்லாம் 298 ஆண்டுகளுக்கு முன்பே அவர் எழுதி வைத்திருந்தார்.

பிளேக் லண்டனுக்கு வரவில்லை. அப்படியானால் டீஃபோ எழுதியது வீணா? தீயணைப்புக் கருவி வாங்கி வைத்து, அதைத் தொடவே வேண்டியில்லாமல் பத்து வருஷம் ஓடினால் அது நஷ்டமா, லாபமா? நீங்களே சொல்லுங்கள்.

உலகம் அழிந்த பின் மிஞ்சியவர்கள் எப்படி வாழ்வார்கள் என்று பின்னாளில் ஏராளமான நாவல்களும் படங்களும் வந்தன. மேரி ஷெல்லி 1826-இல் எழுதிய கடைசி மனிதன் நாவலிலும் உலகை அழிப்பது கொள்ளைநோய்தான். 2011-இல் அமெரிக்க அரசின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் ஒரு வேடிக்கை செய்தது. செத்துப்போன பிணங்கள் எழுந்து வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டு, அந்தச் சாக்கில் தண்ணீர், உணவு, மருந்து, டார்ச் எல்லாம் எடுத்து வைக்கச் சொல்லிப் பிரசாரம் செய்தது. சாதாரண அறிவுரையைச் சீண்டாதவர்கள் அதை விழுந்து விழுந்து படித்தார்கள். டீஃபோவின் பழைய உத்திதான்!

கடைசிக் காலம்

ஊருக்கெல்லாம் முன்னேற்பாடு சொன்னவருக்குத் தன் பணக்கணக்கில் மட்டும் அது கைகூடவில்லை. பழைய கடன் ஒன்று துரத்த, குடும்பத்தைப் பிரிந்து மறைந்து வாழ்ந்த நிலையில் 1731 ஏப்ரல் 24-இல் லண்டன் சந்து ஒன்றில் காலமானார். பன்ஹில் ஃபீல்ட்ஸ் என்ற இடத்தில் அடக்கம். 1870-இல் அவர் கதையைப் படித்து வளர்ந்த சிறுவர் சிறுமியரிடம் காசு திரட்டி, கல்லறையில் ஒரு நினைவுத் தூண் எழுப்பினார்கள். கடனாளியாகச் செத்தவருக்கு வாசகர்கள் செலுத்திய கடன் அது.

நாம் என்ன செய்யப் போகிறோம்?

நண்பர்களே, இன்னும் ஒன்றிரண்டு வருஷத்தில் நம்மில் பலர் நூற்பாலையிலோ, சிமெண்ட் ஆலையிலோ, பட்டாசு ஆலையிலோ, கட்டட வேலையிலோ சூப்பர்வைசராக நிற்கப் போகிறோம். நம் சொல் கேட்டு இருபது பேர் வேலை செய்வார்கள். ஆபத்து நேரத்தில் அவர்கள் திரும்பிப் பார்ப்பது நம் முகத்தை.

சதுரகிரி மலையில் 2015 மே மாதம் திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தார்கள். மேலே மலையில் பெய்த மழை கீழே நிற்பவனுக்குத் தெரியாது. செண்பகத்தோப்புக்கோ அய்யனார் அருவிக்கோ ஜாலியாகக் கிளம்பும் நாம், ஓடைத் தண்ணீர் திடீரென்று கலங்கினால் எந்தப் பக்கம் ஏற வேண்டும் என்று ஒரு தடவையாவது யோசித்திருக்கிறோமா?

பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி ஊர் ஊராக மருத்துவமனைகளுக்குப் போகிறது. நாட்டுக்கே கட்டுத்துணி கொடுக்கும் பகுதியில் இருந்துகொண்டு, நம் வீட்டில் ஒரு சுருள் இல்லை என்றால் சிரிப்பார்கள் அல்லவா? ஓட்டுக்காரர் டீஃபோ கதை நமக்கும் ஆகிவிடக் கூடாது.

எனவே மாணவர் மன்றத்தின் முன் எளிய யோசனை ஒன்றை வைக்கிறேன். வருஷத்தில் ஒருநாள், ஒரு மணி நேரம் போதும். ஒவ்வொரு பிரிவும் ஒரு கற்பனைக் கதை எழுதட்டும். எலக்ட்ரிகல் பிரிவு லேபில் தீப்பிடித்த கதை, மெக்கானிகல் பிரிவு பட்டறையில் கை சிக்கிய கதை, சிவில் பிரிவு கண்மாய் உடைந்த கதை. அதை எல்லோரும் நடித்துப் பார்ப்போம். மெயின் ஸ்விட்ச் எங்கே, தீயணைப்புக் கருவியின் ஊசியை யார் இழுப்பது, 112-க்கும் 108-க்கும் யார் போன் செய்வது, கேட்டில் நின்று ஆம்புலன்ஸுக்கு வழி காட்டுவது யார், நடக்க முடியாத நண்பனைத் தூக்குவது யார் என்று பெயர் போட்டு எழுதிச் சுவரில் ஒட்டுவோம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணையும் பக்கத்திலேயே எழுதி வைப்போம்.

பயப்படுவதற்காகக் கதை எழுதியவர் இல்லை டீஃபோ. பயத்தைப் பட்டியலாக மாற்றத் தெரிந்தவர். அந்தப் பட்டியலை நம் கையெழுத்தில் எழுத இந்த வருஷமே ஆரம்பிப்போம், வாருங்கள்!